மரை வைத்த பல்பும் பின் வைத்த பல்பும்

மின்சார வெளிச்சம் பிறந்த புதிதில் அதை யாராலும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி ஒரு வேடிக்கை காட்டினார். இரண்டாயிரம் ஜோடித் தகடுகள் அடுக்கிய ராட்சத பேட்டரியின் இரு முனைகளிலும் கரித்துண்டுகளைக் கட்டி, அவற்றைத் தொடவைத்து மெல்லப் பிரித்தார். நடுவே வெள்ளை நெருப்பு வில்லாக வளைந்து நின்றது. பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடவோ படிக்கவோ முடியாது. கண்ணைப் பறிக்கும் ஒளி, ஓயாத சீறல், கரிப்புகை. கரி தேயத் தேய இடைவெளி கூடும். பக்கத்திலேயே இருந்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகியும் இந்த ஆர்க் விளக்கு தெருவையும் கலங்கரை விளக்கையும் நாடக அரங்கையும் தாண்டி உள்ளே வரவில்லை. பாவெல் யாப்லொச்கோவ் என்ற ரஷ்ய எஞ்சினியர் நகர்த்தும் தொல்லையை ஒழிக்க, இரண்டு கரிக்குச்சிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி ஒரு ‘மெழுகுவத்தி’ செய்தார். 1878இல் பாரிஸின் ஒபேரா அவென்யூ அதில் ஜொலித்தது. எல்லோருக்கும் அது பிடித்துவிடவில்லை. எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் பழைய கேஸ் விளக்குக்குப் பரிந்துகொண்டு கட்டுரையே எழுதினார். தெருவுக்கு ஒரு சூரியன் சரி, அறைக்கு ஒரு சுடர் போதுமே? அவ்வளவு பெரிய ஒளியைச் சின்னச் சின்னதாகப் பங்கு போடுவது ஆகாத காரியம் என்று பிரிட்டிஷ் தபால் துறையின் மின் நிபுணர் வில்லியம் ப்ரீஸ் அடித்துச் சொன்னார். நிபுணர்கள் இப்படி அடித்துச் சொல்லும் நேரங்களில் காரியம் பெரும்பாலும் பாதி முடிந்திருக்கும்.

இன்னொரு வழி பலருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. மெல்லிய கம்பியிலோ கரியிலோ மின்சாரம் பாய்ச்சினால் அது பழுத்து ஒளிரும். பிளாட்டினம் விலை அதிகம், சூடு கூடினால் உருகியும் போகும். கரி உருகாது, ஆனால் காற்று பட்டால் எரிந்து தீர்ந்துவிடும். ஆகவே அதைக் கண்ணாடிக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 1840களிலேயே இதற்குக் காப்புரிமை வாங்கியவர் உண்டு. காற்றை முழுசாக எடுப்பதற்குத்தான் யாரிடமும் கருவி இல்லை.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மருந்துப் பொருள் வியாபாரத்தில் இருந்த ஜோசப் ஸ்வான் 1850களிலிருந்தே காகிதக் கீற்றுகளைச் சுட்டுக் கரியாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1860 வாக்கில் ஒன்றை ஒளிரவும் வைத்தார். குடுவைக்குள் மிச்சமிருந்த காற்று அதைத் தின்றுவிட்டது. மனுஷன் அதைப் பரணில் போட்டுவிட்டுப் போட்டோ ரசாயனங்கள் பக்கம் போனார். அதிலும் பெயர் வாங்கினார். 1865இல் லண்டனில் இருந்த ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் ஸ்ப்ரெங்கல் பாதரசத்துளிகளை ஒரு குழாயில் விழவைத்து, ஒவ்வொரு துளியும் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும்படி ஒரு பம்பு செய்தார். அவர் விளக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆனாலும் பல்பின் உண்மையான தகப்பன் யார் என்று என்னைக் கேட்டால், இந்தப் பம்புக்காரருக்கே முதல் வோட்டு.

சார்ல்ஸ் ஸ்டெர்ன் என்ற வங்கி குமாஸ்தாவுக்கு ஓய்வு நேர விளையாட்டே வெற்றிடம் உண்டாக்குவதுதான். ஸ்வான் அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பழைய கரிக்குத் திரும்பினார். கரிக்குள்ளேயே கொஞ்சம் காற்று ஒளிந்திருக்கிறது, விளக்கை எரியவிட்டபடியே பம்பு செய்தால்தான் அது வெளியேறும் என்று கண்டுகொண்டார். 1879 பிப்ரவரியில் நியூகாசில் இலக்கிய, தத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் விளக்கை எரித்துக் காட்டினார். காப்புரிமைக்கு மட்டும் விண்ணப்பிக்கவில்லை. அடிப்படை எல்லோரும் அறிந்ததுதானே, இதற்கு எப்படி உரிமை கொண்டாடுவது என்ற எண்ணம். நல்ல மனிதர்கள் வியாபாரத்தில் சறுக்கும் இடம் இது.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. 1878 செப்டம்பரில் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஆர்க் விளக்குப் பட்டறையைப் பார்த்துவிட்டு வந்த தாமஸ் எடிசன், வீட்டு விளக்குப் பிரச்சினையைத் தீர்த்தாகிவிட்டது என்கிற தோரணையில் பத்திரிகைகளிடம் பேசினார். கையில் ஒரு விளக்கும் இல்லை. இருந்தும் லண்டனில் கேஸ் கம்பெனிப் பங்குகள் சரிந்தன, வங்கியாளர் மார்கன் வட்டாரப் பணக்காரர்கள் முதல் போட்டார்கள். சொன்ன வாக்கைக் காப்பாற்ற மென்லோ பார்க் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல் ஒன்று பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. நவம்பரில் விண்ணப்பம், 1880 ஜனவரியில் காப்புரிமை எண் 2,23,898. கனடாவில் வுட்வர்ட், எவன்ஸ் என்ற இருவர் 1874இலேயே வாங்கியிருந்த காப்புரிமையையும் எடிசன் தரப்பு விலைக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டது.

எடிசன் வெறும் விளம்பரக்காரர் என்று சொல்வது இப்போது ஒரு நாகரிகம். நான் அந்தக் கட்சி இல்லை. ஸ்வானின் கரி தடித்த குச்சி, மின்தடை குறைவு. அப்படிப்பட்ட விளக்குகளைத் தெரு முழுக்க எரிக்க வேண்டுமானால் கம்பியில் பெரும் மின்னோட்டம் ஓட வேண்டும், அதற்குக் கை தடிமனில் செம்பு வேண்டும். திருவிழாவில் கட்டும் சீரியல் செட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் செம்பு மிச்சமாகும். ஆனால் எதிர்வீட்டுக்காரர் விளக்கை அணைத்தால் உங்கள் வீடும் இருண்டுபோகும். மயிர் போல மெல்லிய, மின்தடை அதிகமுள்ள இழைதான் இதற்கு விடை என்று எடிசனும் அவருடைய கணித உதவியாளர் ஃப்ரான்சிஸ் அப்டனும் செம்பு விலையைக் கணக்குப் போட்டே முடிவுக்கு வந்தார்கள். ஸ்வான் விளக்கைச் செய்தார். எடிசன் விளக்கு விற்கும் தொழிலைச் செய்தார். 1882 செப்டம்பர் 4ஆம் தேதி நியூயார்க் பேர்ல் தெரு மின் நிலையம் நானூறு விளக்குகளோடு தொடங்கியபோது, விற்பனைக்கு வந்தது பல்பு மட்டுமில்லை. டைனமோ, கம்பி, ஃப்யூஸ், மீட்டர் எல்லாம் சேர்ந்த ஒரு முழுக் கட்டு.

இதற்கிடையே இழைக்கான வேட்டை உலகத்தையே சுற்றியது. விசிறி ஒன்றின் ஓரத்தில் இருந்த மூங்கில் பட்டையைக் கிழித்துச் சுட்டுப் பார்த்ததில் அது அட்டையையும் நூலையும் தோற்கடித்தது. உடனே வில்லியம் மூர் என்பவரைச் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் அனுப்பினார் எடிசன். கியோட்டோவுக்குப் பக்கத்தில் யவாதா என்ற ஊர் மூங்கில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. அங்கே இவாஷிமிசு கோயில் வளாகத்தில் எடிசனுக்கு இன்றும் நினைவுச் சின்னம் இருக்கிறது. அமேசான் காட்டுக்குப் போன ஃப்ராங்க் மெக்கோவன் காய்ச்சலையும் பூச்சியையும் ஜெயித்து நியூயார்க் திரும்பி, நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகு அவர் யார் கண்ணிலும் படவில்லை. 1888இல் நியூ ஜெர்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் ரிகால்டன் இலங்கை, இந்தியா, பர்மா என்று மூங்கில் தேடி ஒரு வருஷம் அலைந்தார். அவர் அலைந்து கொண்டிருந்தபோதே மூங்கிலின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அதை முடித்தவர் பழைய மருந்துக்கடை ஸ்வான்.

கரைத்த பஞ்சுக் குழம்பைச் சின்னத் துளை வழியே பீய்ச்சினால் ஒரே சீரான நூல் வரும், அதைக் கரியாக்கினால் மேடு பள்ளம் இல்லாத இழை கிடைக்கும் என்று அவர் 1883இல் கண்டுபிடித்தார். அந்த நூல் பட்டுப்போல் மின்னியது. ஸ்வானின் மனைவி அதை வைத்து லேஸ் பின்னினார். 1885 லண்டன் கண்காட்சியில் ‘செயற்கைப் பட்டு’ என்று அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பின்னாளில் அதே வெற்றிடப் பித்தர் ஸ்டெர்ன் விஸ்கோஸ் நூல் நூற்கும் தொழிலில் இறங்கினார். ரேயான் சட்டை போட்டிருப்பவர்கள் ஒரு வகையில் பல்பின் ஒன்றுவிட்ட சொந்தத்தை அணிந்திருக்கிறார்கள்.

காப்பியடித்தவர்கள் கதை தனி ருசி. ஹிராம் மாக்சிம் 1880இல் மென்லோ பார்க்குக்கு விருந்தாளியாக வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் எடிசனின் கண்ணாடி ஊதும் ஜெர்மானியக் கலைஞர் லூட்விக் போம் மாக்சிமிடம் வேலைக்குச் சேர்ந்தார். மாக்சிமின் பல்பும் சந்தைக்கு வந்தது. மாக்சிமின் கம்பெனியில் வரைவாளராக இருந்தவர் லூயிஸ் லாட்டிமர். அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்த பெற்றோரின் பிள்ளை. பெல்லின் தொலைபேசிக் காப்புரிமைக்குப் படம் வரைந்தவர். கரியிழை செய்யும் முறைக்குத் தாமே காப்புரிமை பெற்றார், பிறகு எடிசன் பக்கம் வந்து நீதிமன்றங்களில் அவர் தரப்புக்குச் சாட்சி சொன்னார். மாக்சிமோ ஐரோப்பாவுக்குப் போய் இயந்திரத் துப்பாக்கி செய்தார். பல்புப் போட்டியில் அவர் ஜெயித்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்களோ.

பிரிட்டனில் எடிசனும் ஸ்வானும் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டிய நிலை. எடிசனிடம் காப்புரிமை, ஸ்வானிடம் முன்தேதிச் சாட்சிகள். மோதினால் இருவரும் சேர்ந்து மூழ்கக்கூடும் என்று வக்கீல்கள் சொன்னார்கள். 1883இல் இரண்டு கம்பெனியும் ஒன்றாகி ‘எடிஸ்வான்’ பிறந்தது. அதற்கு முன்பே, 1881இல், லண்டன் சவாய் நாடக அரங்கம் ஸ்வான் பல்புகளால் முழுக்க ஒளியூட்டப்பட்டிருந்தது. நெருப்புப் பயம் தீர, அரங்க உரிமையாளர் டி’ஆய்லி கார்ட் எரியும் பல்பைத் துணியில் சுற்றி மேடையிலேயே உடைத்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். கம்பெனி சேர்ந்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மற்றவர்கள் பல்பு செய்வதைத் தடுக்க எடிஸ்வானுக்கு எடிசனின் காப்புரிமை செல்லுபடியாக வேண்டும். அது செல்லுபடியாக, எடிசனுக்கு முன்னால் யாரும் இதைச் செய்யவில்லை என்று ஆக வேண்டும். தன் பெயரைத் தாங்கிய கம்பெனியே தன் முன்னுரிமைக்கு எதிராக வாதாடுவதை ஸ்வான் பார்த்துக்கொண்டிருந்தார். 1904இல் அவருக்குச் சர் பட்டம் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் சமரசம் கிடையாது. ஒரு பக்கம் எடிசனின் டி.சி., மறுபக்கம் டெஸ்லாவின் காப்புரிமைகளை வாங்கிய வெஸ்டிங்ஹவுஸின் ஏ.சி. நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று காட்டியது வரை அந்தச் சண்டையைப் பலரும் எழுதியாகிவிட்டது; பல்பின் பங்கு அதிகம் பேசப்படுவதில்லை. 1892இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ஒளியூட்டும் ஒப்பந்தத்தை வெஸ்டிங்ஹவுஸ் மலிவு விலை சொல்லித் தட்டிச் சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் எடிசனின் பல்புக் காப்புரிமையை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. கையில் ஒப்பந்தம், எரிக்கப் பல்பு இல்லை. எடிசனின் பல்பு ஒரே கண்ணாடியாக உருக்கி மூடப்பட்டது. ஆகவே வெஸ்டிங்ஹவுஸ் சட்டத்தில் ஓட்டை தேடினார்: சாயர், மேன் என்ற இருவரின் பழைய காப்புரிமையைத் துணைக்கு வைத்துக்கொண்டு, புட்டிக்கு அடைப்பான் போடுவதுபோல் இரண்டு துண்டாகச் செய்த ‘அடைப்பான் பல்பு’. காற்று கசியும், ஆயுள் குறைவு. இருந்தாலும் லட்சக்கணக்கில் செய்து, அணைந்தவற்றை மாற்றிக்கொண்டே 1893 கண்காட்சியை ஓட்டிவிட்டார்கள். ஏ.சி. ஜெயித்ததற்கு இந்த மட்டமான பல்பும் ஒரு காரணம். எடிசன் காப்புரிமை 1894இல் காலாவதியானது. வழக்குச் செலவுக்கும் நாட்களுக்கும் கணக்குப் பார்த்தால், உரிமையை முழுசாக அனுபவித்தது ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான்.

காப்புரிமையே இல்லாத ஒரு நாடும் அப்போது இருந்தது. நெதர்லாந்து 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே எடுத்துவிட்டது. 1912 வரை யாரும் எதையும் செய்யலாம். 1891இல் ஐந்தோவன் என்ற சின்ன ஊரில் ஜெரார்ட் ஃபிலிப்ஸ் என்ற எஞ்சினியர் அப்பாவின் பணத்தில் பல்புத் தொழிற்சாலை வைத்தார். அப்பா ஃப்ரெடரிக் ஒரு வங்கியாளர். கார்ல் மார்க்ஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறை. மார்க்ஸ் பணமுடை வந்தபோதெல்லாம் போய் நின்றது ஃப்ரெடரிக்கின் தகப்பனார் லயன் ஃபிலிப்ஸ் வீட்டில்தான். முதலாளித்துவத்தை விமர்சித்த நூலுக்கும் உலகின் பெரிய பல்பு முதலாளிக்கும் ஒரே குடும்பப் பெட்டி. ஜெரார்டின் தம்பி ஆன்டன் விற்பனைக்குப் பிறந்தவர். 1898இல் ரஷ்ய ஜாரின் குளிர்கால மாளிகைக்கு 50,000 பல்பு ஆர்டர் பிடித்துத் தந்தி கொடுத்தார். எண்ணில் தவறு இருக்குமோ என்று ஐந்தோவனில் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்டார்கள்.

கரியிழை பல்பின் உட்புறம் நாளாவட்டத்தில் கறுத்துப்போகும். 1880களில் இதை ஆராய எடிசன் பல்புக்குள் கூடுதலாக ஒரு தகட்டை வைத்தார். இழையைத் தொடாத அந்தத் தகட்டிலும் மின்சாரம் ஓடியது. உபயோகம் புரியவில்லை, விட்டுவிட்டார். லண்டனில் எடிசன் கம்பெனியின் ஆலோசகராக இருந்த ஜான் ஃப்ளெமிங் அந்த விசித்திரத்தை மறக்கவில்லை. 1904இல், மார்க்கோனிக்காக வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவி தேடியபோது, பழைய பல்புகளை அலமாரியிலிருந்து எடுத்தார். வானொலி வால்வு பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அலெக்சாண்டர் யுஸ்ட், ஃப்ரான்யோ ஹனமான் இருவரும் ஹங்கேரியில் டங்ஸ்டன் இழைக்குக் காப்புரிமை பெற்றார்கள். தொட்டால் ஒடியும் அந்த உலோகத்தைக் கம்பியாக இழுக்க வில்லியம் கூலிட்ஜ் வழி கண்டார். எல்லோரும் பாடுபட்டு உண்டாக்கிய வெற்றிடத்தை இர்விங் லாங்முயர் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே மந்த வாயுவை நிரப்பினார். நாம் அறிந்த மஞ்சள் குண்டு பல்பு 1913 வாக்கில் முழு வடிவம் பெற்றுவிட்டது.

சண்டையிட்டவர்கள் 1924இல் ஜெனீவாவில் கைகுலுக்கினார்கள். ஃபிலிப்ஸ், ஓஸ்ராம், டங்ஸ்ராம், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் கிளைகள், டோக்கியோ எலெக்ட்ரிக் எல்லாம் சேர்ந்த ‘ஃபீபஸ்’ கூட்டணி உலகத்தைப் பங்கு போட்டது. பல்பின் ஆயுள் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் வைத்தது. தாண்டினால் அபராதம். ஆயுளைக் குறைத்தால் இழை இன்னும் சூடாக எரியும், அதே மின்சாரத்துக்கு வெளிச்சம் கூடும் என்பது அவர்கள் சமாதானம். இயற்பியல்படி அதில் உண்மை உண்டு. உண்மைக்கு ஏன் அபராதச் சீட்டு தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி. இரண்டாம் உலகப்போர் அந்தக் கூட்டணியைக் கலைத்தது.

டோக்கியோ எலெக்ட்ரிக் எங்கிருந்து வந்தது? எடிசனை நேரில் பார்த்துவிட்டு வந்த ஃபுஜியோகா இச்சிசுகே 1890இல் தொடங்கிய பல்புப் பட்டறை அது. பின்னாளில் தோஷிபாவாக வளர்ந்தது. கியோட்டோ மூங்கில் அமெரிக்கா போய்க் கம்பெனியாகத் திரும்பி வந்தது.

நம் பக்கம் பல்பு வந்தது பிரிட்டிஷ் கப்பலில். 1899இல் கல்கத்தாவில் லண்டன் கம்பெனி ஒன்று மின்சாரம் விநியோகிக்கத் தொடங்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு, தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்திருந்த அந்தச் சுரங்கங்களுக்கு, நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஏ.சி. மின்சாரம் போனது; அந்த மின் இயந்திரங்கள் எடிசன் கம்பெனியின் வாரிசான அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்குடையவை. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. இயந்திரம் எந்த நாட்டுடையதானாலும் பல்பின் அடிப்பகுதி மட்டும் இங்கிலாந்தின் பழக்கப்படியே அமைந்தது.

அமெரிக்கப் பல்பின் அடியில் மரை. எடிசன் 1881 வாக்கில் கொண்டுவந்தது. மண்ணெண்ணெய் டின் மூடியைத் திருகும்போது தோன்றிய யோசனை என்று ஒரு கதை உண்டு. பிரிட்டனில் எடிஸ்வான் தரப்பு, துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகித் திருப்பிப் பூட்டும் முறையை எடுத்துக்கொண்டது: இரண்டு பின், ஒரு ஸ்பிரிங், அமுக்கித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஸ்வானின் சகோதரர் ஆல்ஃப்ரெடுக்கு இந்த மூடியின் வளர்ச்சியில் பங்குண்டு. எடிசனின் பெயரைப் பாதி தாங்கிய கம்பெனி எடிசனின் மரையைக் கைவிட்டது இப்படித்தான். பிரிட்டிஷ் கொடி பறந்த இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா எல்லாம் பின் வழியிலேயே போயின. நெதர்லாந்தில் மரை வைத்துப் பல்பு செய்த ஃபிலிப்ஸ், 1930இல் கல்கத்தாவில் கடை விரித்தபோது இந்த நாட்டு ஹோல்டருக்கு ஏற்றதைத்தான் விற்றாக வேண்டும்.

22 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த மூடி கரியிழை போய், டங்ஸ்டன் போய், சி.எஃப்.எல். போய், 2015இல் அரசு உஜாலா திட்டத்தில் மலிவு விலைக்குக் கொடுத்த எல்.ஈ.டி. பல்பு வரைக்கும் மாறவில்லை. இதற்குள் மரையும் இந்தியச் சந்தைக்குள் நுழைந்துவிட்டது. அலங்கார விளக்கு வாங்கப் போனால் இரண்டில் எது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அமெரிக்க வீடுகளில் இடம் கிடைக்காத பின் பல்புக்கு அமெரிக்கக் கார்களில் இடம் கிடைத்தது. குலுக்கலில் மரை தளரும், பின் தளராது. பிரேக் விளக்குகளில் அதைத்தான் வைத்தார்கள். நியூயார்க் சுரங்க ரயில்காரர்கள் மரையை விடவில்லை, ஆனால் பயணிகள் பல்பைக் கழற்றிக்கொண்டு போவது பெரும் தலைவலியாக இருந்தது. இடப்பக்கம் திருகும் மரை வைத்துத் தனியாகப் பல்பு செய்யச் சொன்னார்கள். திருடிக்கொண்டு போனாலும் வீட்டு ஹோல்டரில் அது ஏறாது.